உசம்பாரா மலைச் செடி உங்க ஜன்னலுக்கு வந்த கதை

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய்விட்டுத் திரும்புகிறவர்கள், நர்சரியில் ஒரு சின்னத் தொட்டியை வாங்கி அதை மடியில் வைத்துக்கொண்டே ஊர் வரைக்கும் கொண்டுபோவதைப் பார்த்திருக்கிறேன். வெல்வெட் துணி மாதிரி மெத்தென்ற இலை. நடுவில் கொத்தாக ஊதாப்பூ, ஒவ்வொரு பூவிலும் மஞ்சளாக ரெண்டு பொட்டு. ஆப்பிரிக்கன் வயலட்.

ரெண்டு மாசம் கழித்து எனக்கு போன் வரும். சென்னையில் இருக்கும் என் தங்கச்சி மகளும் அப்படித்தான் கேட்டாள். "மாமா, குருத்து அழுகிப்போச்சு. தினமும் தவறாம தண்ணி ஊத்தினேனே!"

தினமும் ஊத்தினதுதான் விஷயமே. ஆனால் "தண்ணியைக் குறை"ன்னு ஒரு வரியில் சொல்லிவிட்டால் அடுத்த செடியும் வேறு ஏதாவது ஒன்றால் போகும். மருந்து கேட்பதற்கு முன்னால் செடியோட பூர்வீகத்தைக் கேட்கணும். விவசாயத்தில் எங்களுக்கு இதுதான் முதல் பாடம். இந்தச் செடிக்கோ பூர்வீகக் கதை கொஞ்சம் பெரிசு. அதில் ஒரு சாம்ராஜ்யம் இருக்கு, ஒரு போர் இருக்கு, நம்ம ஏலக்காயும் இருக்கு.

கிழக்கு ஆப்பிரிக்காவில் தான்சானியா. அதன் வடகிழக்கு மூலையில், கடலோரத்தில் டாங்கா என்று ஒரு துறைமுகம். அங்கிருந்து உள்ளே போனால் திடீரென எழும்பும் மலைகள்தான் உசம்பாரா. இந்தியப் பெருங்கடலிலிருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது இந்த மலையில்தான். அதனால் வருஷத்தில் பாதி நாள் மூடுபனி, மழை, சொட்டச் சொட்ட ஈரமான காடு. நான் இருக்கும் கீழ்ப்பழனி மலையை நினைத்துக்கொண்டால் போதும். மேலே உயரமான நிழல் மரம், கீழே அரை இருட்டு, ஓடையோரம் பாசி படிந்த பாறை. அந்தப் பாறையின் இடுக்கில், ஒரு கைப்பிடி இலை மக்கில் வேர் பிடித்து ஒட்டிக்கொண்டு வாழ்கிற செடிதான் இது. மலையடிவாரத்தில் டாங்காவுக்குப் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறைகளிலும் உண்டு. பக்கத்து உலுகுரு, ங்குரு மலைகளிலும், கென்யாவின் தைத்தா மலையிலும் இதன் சொந்தக்காரச் செடிகள் இருக்கின்றன. அவ்வளவுதான். தான்சானியாவையும் கென்யாவையும் தவிர உலகத்தில் வேறெங்கும் காட்டுச் செடியாக இது கிடையாது.

1880-களில் ஐரோப்பிய நாடுகள் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்டுக்கொண்டபோது இந்தப் பகுதி ஜெர்மனியின் கைக்குப் போனது. 1888-ல் கடற்கரை மக்கள் அபுஷிரி என்பவரின் தலைமையில் எதிர்த்து எழுந்தார்கள். அதை அடக்கிய பிறகு ஜெர்மன் அரசே நேரடியாக ஆள ஆரம்பித்தது. டாங்கா பகுதிக்கு அதிகாரியாக வந்தவர்களில் ஒருவர் வால்டர் ஃபான் செயின்ட் பால்-இல்லேர் என்கிற பிரபு. நம்ம ஊரில் வெள்ளைக்கார கலெக்டர் இருந்த மாதிரி. அவருக்குச் செடிகொடி மேல் ஆசை. அவரைவிட அவர் அப்பாவுக்கு ஆசை அதிகம்.

1892 வாக்கில், பாறை இடுக்கில் ஊதாப்பூவோடு இருந்த இந்தச் செடியை மகன் பார்க்கிறார். சைலீசியாவில் ஃபிஷ்பாக் என்ற ஊரில் இருந்த அப்பாவுக்கு அனுப்புகிறார். அந்த ஊர் இன்றைக்குப் போலந்தில் இருக்கிறது. அப்பா அதை ஹனோவர் நகரத்து ஹெரன்ஹவுசன் அரச தோட்டத்தின் தலைவர் ஹெர்மன் வென்ட்லாண்டிடம் கொடுத்தார். பனை வகைகளில் பெரிய ஆள் அவர். 1893-ல் 'கார்ட்டன்ஃப்ளோரா' என்ற தோட்டக்கலை இதழில் அவர் இதற்குப் பெயர் வைத்தார்: செயின்ட்பாலியா அயோனாந்தா. முதல் பாதி அந்தப் பிரபு குடும்பத்தின் பெயர். இரண்டாம் பாதிக்கு 'வயலட் போன்ற பூ உடையது' என்று அர்த்தம். உண்மையில் வயலட்டுக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. நிறம் மட்டும்தான் ஒற்றுமை.

இங்கே ஒரு விஷயம். இந்தச் செடி ஐரோப்பியர் கையில் கிடைத்தது அதுதான் முதல் தடவை இல்லை. சான்சிபாரில் பிரிட்டிஷ் தூதராக இருந்த ஜான் கிர்க் 1884-லேயே சேகரித்து லண்டன் கியூ தோட்டத்துக்கு அனுப்பியிருந்தார். 1887-ல் டெய்லர் என்ற பாதிரியாரும் அனுப்பினார். காய்ந்த மாதிரிகள் பெயர் வைக்கிற அளவுக்குச் சரியாக இல்லை. அப்படியே கிடந்தன. அதனால் பெயர் ஜெர்மன் பிரபுவுக்குப் போனது. அந்த மலையில் தலைமுறை தலைமுறையாக இருந்த ஷம்பா மக்கள் தினமும் தாண்டிப்போன பாறைதான் அது. அதிகாரிக்கு வழிகாட்டினவர், மூட்டை தூக்கினவர் யாருடைய பெயரும் செடியின் பெயரில் ஏறவில்லை. நம்ம மலைகளின் செடிகளுக்கு இருக்கும் லத்தீன் பெயர்களைப் பாருங்க, அங்கேயும் இதே கதைதான்.

அதே வருஷங்களில் டாங்கா துறைமுகத்தில் இன்னொரு செடி எதிர்ப்பக்கமாக வந்து இறங்கியது. ரிச்சர்ட் ஹிண்டார்ஃப் என்ற ஜெர்மன் விவசாய நிபுணர் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலிருந்து சிசல் கற்றாழையின் 1,000 கன்றுகளைத் தருவித்தார். வந்து சேர்ந்து பிழைத்தது 62 மட்டும். அந்த 62 கன்றிலிருந்துதான் பின்னால் அந்த நாட்டின் பிரம்மாண்டமான நார்த் தோட்டங்களே கிளம்பின. கயிறும் சாக்கும் திரிக்க கற்றாழை உள்ளே வந்தது. அலங்காரத்துக்கு வயலட் வெளியே போனது. டாங்காவிலிருந்து மலைக்கு ரயில் பாதை போட ஆரம்பித்ததும் 1893-ல்தான். மேலே காட்டை அழித்துக் காபி வைத்தார்கள். மண் ஒத்துக்கொள்ளாமல் அது பெரும்பாலும் பொய்த்துப் போனது. 1902-ல் அமானி என்ற இடத்தில் பெரிய விவசாய ஆராய்ச்சி நிலையம் ஒன்றும் கட்டினார்கள்.

டாங்கா என்ற பெயரை நம்ம பக்கத்து ஆட்கள் கேட்டது இன்னொரு வழியில். 1914 நவம்பரில், முதல் உலகப்போர் தொடங்கிய சில மாதத்திலேயே, ஜெர்மன்காரர்களிடமிருந்து டாங்காவைப் பிடிக்க பிரிட்டிஷ்காரர்கள் இந்தியாவிலிருந்து படையைக் கப்பலேற்றினார்கள். அதில் 63-வது பாளையங்கோட்டை காலாட்படையும் இருந்தது. படுதோல்வி. சண்டைக்கு நடுவே கலைந்துபோன காட்டுத் தேனீக்கள் வேறு இரண்டு பக்கத்தையும் கொட்டின. அதனால் 'தேனீக்களின் போர்' என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. போர் முடிந்து நாடு பிரிட்டிஷ் கைக்கு மாறியது. மலையில் தேயிலை வந்தது.

இதற்குள் செடி எங்கேயோ போய்விட்டது. 1893-ல் பெல்ஜியத்தின் கென்ட் நகரக் கண்காட்சியில் வைத்தார்கள், எல்லோரும் மயங்கினார்கள். எர்ஃபர்ட் ஊரின் எர்ன்ஸ்ட் பெனாரி விதை நிறுவனம் விதையை விற்க ஆரம்பித்தது. ஆனால் நிஜமான திருப்பம் அமெரிக்காவில் நடந்தது. 1920-களின் பின்பாதியில் லாஸ் ஏஞ்சலஸின் ஆர்மாகாஸ்ட் அண்ட் ராய்ஸ்டன் நர்சரி ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் விதை வாங்கி நாற்று விட்டது. அத்தனை நாற்றிலிருந்தும் நல்லதாகப் பத்தே பத்தைப் பொறுக்கி எடுத்தார்கள். அந்தப் பத்தில் 'ப்ளூ பாய்' ரொம்பப் பிரபலம். அடுத்த இருபது முப்பது வருஷத்தில் வந்த அடுக்குப்பூ, இளஞ்சிவப்பு, வெள்ளை ரகங்களில் நிறைய, அந்தப் பத்தின் பரம்பரைதான்.

வீட்டுக்குள் ஏன் இது இவ்வளவு வேகமாகப் புகுந்தது? கணக்கு எளிது. நகரத்தில் மக்கள் தோட்டம் இல்லாத அடுக்குமாடிக்குக் குடிபோன காலம் அது. குளிர்காலத்திலும் வீட்டுக்குள் கதகதப்பு இருந்தது. வெயில் நேராக விழாத ஜன்னலிலும் வருஷம் முழுக்கப் பூக்கிற செடி வேறு எது? அதோடு ஒரே ஒரு இலையைக் கிள்ளி ஈரத் துணியில் சுற்றித் தபாலில் அனுப்பினால் தோழி வீட்டில் புதுச்செடி. காசு வேண்டாம், நர்சரி வேண்டாம். 1946-ல் அட்லாண்டாவில் அமெரிக்க ஆப்பிரிக்கன் வயலட் சங்கம் தொடங்கினார்கள். அப்புறம் டியூப்லைட் வந்தது. ஜன்னலே இல்லாத அறையிலும் அலமாரியில் அடுக்கி வளர்த்தார்கள். இன்றைக்குப் பதிவான ரகங்கள் ஆயிரக்கணக்கில்.

இனி உங்க தொட்டிக்கு வரலாம். பராமரிப்பு என்று சொல்லப்படும் ஒவ்வொரு விதியும் அந்தப் பாறை இடுக்கைத்தான் வேறு வார்த்தையில் சொல்லுது. பாறையை மனசில் வைத்துக்கொண்டால் விதியை மனப்பாடம் பண்ண வேண்டியதில்லை.

பாறைச் சரிவில் தண்ணீர் வழிந்து ஓடிவிடும், நிற்காது. அதனால்தான் வேரில் தண்ணீர் தேங்கினால் குருத்தழுகல் வருது. மேல் மண்ணை விரலால் தொட்டு, காய்ந்த பிறகுதான் ஊற்றணும். நடுக்குருத்தில் ஊற்றாமல் ஓரமாக, அல்லது தட்டில் ஊற்றி அடியிலிருந்து இழுக்க விடுங்க. அரை மணி கழித்து தட்டில் மிச்சமிருப்பதைக் கொட்டிடுங்க. விளக்குத் திரி எண்ணெய் இழுப்பது மாதிரி, தொட்டியின் அடி ஓட்டை வழியாக ஒரு நைலான் கயிற்றைக் கீழே தண்ணீர் டப்பாவில் விட்டு வளர்ப்பவர்களும் உண்டு. அப்படிச் செய்தால் கலவை ரொம்ப லேசாக இருக்கணும், இல்லாவிட்டால் எப்பவும் சொதசொதன்னு கிடக்கும்.

காட்டு ஓடையும் காட்டுக் காற்றும் ஏறக்குறைய ஒரே சூட்டில் இருக்கும். இந்த இலைக்கு அதுதான் பழக்கம். ஃப்ரிட்ஜ் தண்ணீர் பட்டால் மஞ்சள் வட்டம் விழுந்து, அது மறையவே மறையாது. சென்னையில் மத்தியானம் மொட்டைமாடி டேங்க் தண்ணீர் கொதிக்குமே, அதுவும் கூடாது. குடத்தில் பிடித்து ஒரு ராத்திரி வைத்து, காலையில் ஊற்றுங்க. உப்பு நிறைந்த போர் தண்ணீர் இதற்கு ஆகாது. தொட்டி விளிம்பில் வெள்ளையாக உப்புப் படியும், அதில் உரசும் இலைக்காம்பு அழுகும். மழைத் தண்ணீர் கிடைத்தால் தங்கம்.

பாறை இடுக்கில் மண் ஒரு கைப்பிடிதான். பெரிய தொட்டி வாங்கி, "நல்லா வளரட்டும்"னு வைக்காதீங்க. இலைகளின் மொத்த அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு அகலத் தொட்டி போதும். தோட்டத்து மண் போட்டால் இறுகிவிடும். தென்னை நார்க்கழிவும் பெர்லைட்டும் கொஞ்சம் மண்புழு உரமும் கலந்தால் சரி. குளிர்நாட்டுக்காரர்கள் இதற்காகச் சதுப்புநிலத்தைத் தோண்டி பீட் எடுக்கிறார்கள். நமக்குப் பொள்ளாச்சி நார்க்கழிவு இருக்கு. ஆனால் உப்புப் போக ரெண்டு மூணு தடவை அலசிட்டுப் போடுங்க.

உசம்பாரா நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஐந்து டிகிரியில் இருக்கிறது. அங்கே வருஷம் முழுக்கப் பகல் கிட்டத்தட்ட பன்னிரண்டு மணி நேரம்தான், அதுவும் மரத்தில் வடிகட்டிய வெளிச்சம். உங்க வீட்டில் கிழக்கு ஜன்னல், அல்லது மெல்லிய திரை போட்ட ஜன்னல். வெளிச்சம் பத்தாவிட்டால் எல்.இ.டி. விளக்குக்கு அடியில் பன்னிரண்டு மணி நேரம். இலை அண்ணாந்து மேலே நீண்டால் வெளிச்சம் குறைவு. வெளுத்துக் குறுகினால் அதிகம். வெப்பம் 18-லிருந்து 27 டிகிரி வரை இருந்தால் பூக்கும். சென்னையில் சித்திரை, வைகாசியில் பூவை எதிர்பார்க்காதீங்க, வீட்டில் குளுமையான மூலையில் பிழைத்திருந்தாலே போதும். பெங்களூரிலும் கோவையிலும் சுலபம்.

புதுச்செடிக்கு, நடு வரிசையில் முற்றாத, கிழடும் ஆகாத ஒரு இலையைக் காம்போடு எடுங்க. காம்பை ஒரு அங்குலம் விட்டுச் சாய்வாக வெட்டி, ஈர நார்க்கழிவில் செருகி, மேலே பிளாஸ்டிக் கவர். ஒரு மாசத்தில் வேர், ரெண்டு மூணு மாசத்தில் அடியில் எலிக்காது மாதிரி குட்டி இலைகள்.

இங்கேதான் ஒரு மலை விவசாயியாக எனக்கு உறுத்துது. இலையில் வந்த செடி தாயின் அச்சு அசல். லட்சம் தொட்டி இருந்தாலும் அது ஒரே செடிதான். எங்க பக்கத்து விருப்பாட்சி மலைவாழையும் பக்கக்கன்றிலேயே வளர்ந்தது. முடிக்கொத்து நோய் வந்தபோது மலை மலையாகக் காலியானது. பழனி பஞ்சாமிர்தத்துக்கே பழம் தேடும் நிலை. திசு வளர்ப்புக் கன்றுகளால்தான் ஓரளவு மீண்டும் வந்தது. கடையில் ஆயிரக்கணக்கில் ரகம் இருந்தாலும் அவற்றில் பெரும்பாலானவை சில கைப்பிடி விதையின் வாரிசுகள். நாளைக்கு ஒரு நோயோ, இன்னும் கூடின வெயிலோ வந்தால், தாங்கும் குணத்தைத் தேடிப் போகவேண்டிய இடம் அந்தப் பாறை இடுக்குகள்தான்.

அந்த இடுக்குகள் என்ன நிலையில் இருக்கின்றன? உலகம் முழுக்க ஜன்னலில் இருக்கும் இந்தச் செடியின் காட்டுச் சொந்தங்களில் பல, அழிவின் விளிம்பில் இருப்பவை. தைத்தா மலை வகை மிக ஆபத்தான நிலையில் இருப்பதாகப் பட்டியலில் இருக்கிறது. யாரும் பிடுங்கிக்கொண்டு போனதால் மட்டும் இல்லை. மேலே மரம் போனால் கீழே பாறை காயும், பாறை காய்ந்தால் செடி போகும். அவ்வளவுதான்.

மரம் ஏன் போனது என்று கேட்டால் பதில் நம்ம அடுப்படிக்கே வருது. கிழக்கு உசம்பாராவில் காட்டு நிழலில் சின்ன விவசாயிகள் பயிரிட்டது ஏலக்காய். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் பிறந்த அதே ஏலக்காய். பெரிய மரத்தை விட்டுவிட்டு அடிக்காட்டைச் சுத்தம் செய்து ஏலத்தை நடுவார்கள். பார்க்கப் பசுமையாகவே இருக்கும். ஆனால் இளமரம் முளைக்க இடமில்லை. சில வருஷத்தில் ஏலத்தின் விளைச்சல் குறையும், நிழல் மரமும் மெலியும், அப்புறம் அது வேறு பயிருக்கான காடு. நானும் நிழலில் ஏலம் வைத்தவன்தான். நாத்து முளைக்காத காட்டின் மௌனம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

2000-களில், துண்டு துண்டாகிப்போன காடுகளை இணைக்க டெரெமா என்ற பகுதியைக் காப்புக்காடாக்கினார்கள். அங்கே ஏலம் வைத்திருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் வெளியேற வேண்டியிருந்தது. ஈட்டுத்தொகை எவ்வளவு, எப்போது என்பதில் பல வருஷம் இழுபறி. காட்டைக் காக்கணும், சந்தேகமே இல்லை. ஆனால் உலகத்துக்கே பூ கொடுத்த மலையில், அதற்கான விலையைக் கட்டினவர்கள் நாலு தூர் ஏலத்தை நம்பி இருந்தவர்கள். நர்சரிக்காரர்கள் யாரும் இல்லை. ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டுக்கே உரியது, அதில் வரும் லாபத்தில் அங்கிருக்கும் மக்களுக்குப் பங்கு வேண்டும் என்று உலக நாடுகள் உடன்படிக்கை எழுதியது 1992-ல். பிரபு செடியை அனுப்பி நூறு வருஷம் ஆகியிருந்தது.

பெயர் விஷயத்தில் காலம் கொஞ்சம் வேடிக்கை பண்ணியிருக்கிறது. மரபணுவை ஆராய்ந்த தாவரவியலாளர்கள் 2015-ல் செயின்ட்பாலியா தனிப் பேரினம் இல்லை, ஸ்ட்ரெப்டோகார்பஸ் என்ற பெரிய பேரினத்தின் ஒரு கிளை என்று சேர்த்துவிட்டார்கள். பிரபுவின் பெயர் உள்பிரிவாகச் சுருங்கிவிட்டது. ஆங்கிலத்தில் ஒரு கண்டத்தின் பெயரைத்தான் சொல்லி வைத்திருக்கிறார்கள். ஜெர்மன்காரர்கள் இன்றைக்கும் பேச்சு வழக்கில் 'உசம்பாரா வயலட்' என்கிறார்கள். மலையின் பெயர் அந்த மொழியில் தங்கிவிட்டது. தமிழில் இன்னும் பெயர் இல்லை. 'உசம்பாரா ஊதா' என்று சொல்லிப் பார்க்கிறேன், நாக்குக்கு நல்லாத்தான் இருக்கு.

இன்னொன்று. இந்தக் குடும்பத்துச் செடிகள் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. ஹென்கீலியா என்பார்கள். மழைக்காலத்தில் ஈரப்பாறையில் ஒட்டிக்கொண்டு, பாறையோடு பாறையாக ஊதாப்பூ பூத்துவிட்டு, கோடையில் காணாமல் போகும். எங்க மலைக்கு வரும் நண்பர்கள் ஓடையோரம் அதைப் பார்த்தால் போட்டோ எடுங்க, பிடுங்காதீங்க. ஜன்னலுக்கு வேண்டுமானால் நர்சரிச் செடி இருக்கு, அதில் ஒரு இலையைப் பக்கத்து வீட்டுக்கும் கொடுங்க.

மிளகு பறிப்பு ஆரம்பமாகிவிட்டது. அடுத்த பதிவு அது முடிந்த பிறகு.